கட்டடத் தணிக்கை: வீட்டு உரிமையாளர் அறிய வேண்டுவன

நம் கிராமங்களில் வீடு கட்டுவோர் நாள் பார்த்து வாசற்கால் நிறுத்துகின்றனர். கூரைக்குக் கான்கிரீட் இடும் நாளில் வேலையாட்கள் அனைவருக்கும் உணவளிக்கின்றனர். புதுமனை புகும் நாளில் உற்றார் உறவினரை அழைத்துப் பால் காய்ச்சுகின்றனர். இவையனைத்தும் போற்றத்தக்க வழக்கங்களே. ஆனால் அந்நாளுக்குப் பின்னர், பத்தாண்டுகள் ஆயினும் இருபது ஆண்டுகள் ஆயினும், அவ்வீட்டை ஒருமுறையேனும் முறையாகச் சோதித்துப் பார்ப்பார் அரியர். கறவை மாடு ஒரு வேளை தீவனம் தின்னாவிடில் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிற நாம், தலைக்கு மேலுள்ள கூரையில் கம்பி துருவேறிக் காரை உதிர்வதைக் கண்டும், துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

முன்னெல்லாம் இதற்கு ஓர் ஆறுதல் கூறப்பட்டது. அதிகாரி வருவார், அளப்பார், குறை கண்டால் சொல்லுவார் என்பதே அது. இன்று அவ்வாறுதலுக்கும் இடம் குறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாமல் கட்டப்படும் குடியிருப்புக்கு, உரிமையாளரின் சுயசான்றின் பேரிலேயே உடனடி அனுமதி வழங்கும் முறை 2024 ஆம் ஆண்டு ஜூலை 22 ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அலுவலகங்களுக்கு அலைவதும், மாதக்கணக்கில் காத்திருப்பதும் இதனால் நீங்கின. இது பெரிய நன்மை. ஆயினும், சுயசான்று என்ற சொல்லின் பொருளை நாம் சரிவர உணரவேண்டும். சோதிக்க வேண்டிய பொறுப்பு அலுவலரின் மேசையிலிருந்து நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது என்பதே அதன் பொருள். சோதிக்கத் தெரியாதவன் சான்று கூறுவது எங்ஙனம்? அதைக் கற்றுக்கொள்ளும் பொருட்டே இக்கட்டுரை.

சட்டங்கள் பிறந்த விதம்

கட்டடப் பாதுகாப்பைப் பற்றி நாம் பெற்றுள்ள அறிவில் பெரும்பகுதி உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்றது. 1964 ஆம் ஆண்டு ஏப்ரலில் மதுரை நகரில் ஒரு பெண்கள் பள்ளியின் கட்டடம் இடிந்து விழுந்து முப்பதுக்கு மேற்பட்ட மாணவியர் மாண்டனர். அதற்கு மறு ஆண்டு, 1965 இல், பொதுக் கட்டடங்களுக்கு உரிமம் வழங்கும் சட்டம் நம் மாநிலத்தில் இயற்றப்பெற்றது. பள்ளி, விடுதி, மருத்துவமனை, சத்திரம் போன்று பலர் கூடும் கட்டடங்களுக்கு, தகுதியுள்ள பொறியாளரின் உறுதிச் சான்று பெற்று, வட்டாட்சியரிடம் உரிமம் பெறவேண்டும் என்ற ஏற்பாடு இதிலிருந்தே வருகிறது. அவ்வுரிமம் குறிப்பிட்ட காலத்திற்கே செல்லும். காலம் முடிந்ததும் கட்டடத்தை மறுபடி சோதித்துப் புதுப்பிக்க வேண்டும்.

சட்டம் இருந்தும் துயரம் நின்றதா? 2004 ஆம் ஆண்டு ஜனவரி 23 ஆம் நாள் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த பந்தல் தீப்பற்றியது. படம் பிடிப்பதற்காக வைத்த விளக்கின் மின்கோளாறே காரணம் எனப்பட்டது. மணமகன் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூலை 16 ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கட்டில் எழுந்த தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளைக் கொன்றது. அதன் பின்னரே பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. 2019 ஆம் ஆண்டு டிசம்பர் 2 ஆம் நாள், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழையில் ஊறிய ஒரு கருங்கற் சுற்றுச்சுவர் விடியுமுன் பக்கத்து வீடுகளின் மேல் சாய்ந்து 17 பேரைப் பலிகொண்டது.

இவற்றை நினைவூட்டுவது அச்சுறுத்துவதற்காக அன்று. இந்நிகழ்ச்சிகளில் ஓர் ஒற்றுமையைக் காண்க. மாடியில் பந்தல், வகுப்பறைக்கு மேல் கீற்று, குடியிருப்பை ஒட்டி உயர்ந்த சுவர் எனக் கேடு விளைத்தவை யாவும் எவர் கண்ணுக்கும் மறைவாக இருந்தவை அல்ல. நாள்தோறும் பார்த்துப் பழகிவிட்டதால், பார்க்கப்படாமலே நின்றவை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய இரு நகரங்களுக்கும் அண்மையில் உள்ள வன்னியம்பட்டியில் ஒருவர் வீடு வைத்திருப்பதாகக் கொள்வோம். இது பாடத்துக்காக நாம் கற்பனையாக அமைத்துக்கொள்ளும் வீடு. கீழே குடியிருப்பு, தெருவைப் பார்த்த அறை மளிகைக் கடைக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை; சத்திரப்பட்டிப் பக்கத்தில் நடப்பது போல, அதில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் இரண்டு. மாடியில் கீற்றுப் பந்தல்; அதனடியில் மாலை வேளையில் முப்பது பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி வகுப்பு. கட்டும்போது இது வெறும் வீடாகவே இருந்தது. கடையும் தறியும் வகுப்பும் ஒவ்வொன்றாகப் பின்னர் வந்து சேர்ந்தவை. உரிமையாளரைக் கேட்டால், “பதினெட்டு வருஷமாகக் குத்துக்கல் மாதிரி நிற்கிறது, அண்ணாச்சி, இதற்கு என்ன சோதனை?” என்பார்.

பதினெட்டு ஆண்டுகள் நின்றது எந்தச் சுமையைத் தாங்கி என்பதே கேள்வி. கட்டட வடிவமைப்புக்குரிய இந்தியத் தரநிர்ணயம் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் இவ்வளவு சுமை என்று கணக்கு வைத்திருக்கிறது. வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. ஆட்கள் ஏறிச் செல்லக்கூடிய மொட்டைமாடிக்குச் சுமார் 150 கிலோ. வகுப்பறைக்குச் சுமார் 300 கிலோ. மாடியை வகுப்பறையாக்கிய அன்றே, 150 கிலோவுக்கென அமைத்த கூரையிடம் 300 கிலோவுக்கான வேலையை ஒப்படைத்துவிட்டோம். முப்பது குழந்தைகள் அமர்ந்த மாத்திரத்தில் கூரை இடிந்துவிடும் என்பதன்று. கணக்கில் வைத்திருந்த பாதுகாப்பு வரம்பை நாம் உண்டு தீர்த்துவிட்டோம் என்பதே உண்மை. இனித் துரு கொஞ்சம், நீர்க்கசிவு கொஞ்சம் சேர்ந்தால் போதும். தண்ணீர்த் தொட்டிக்கும் இதே கணக்குத்தான். 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் நீர் மட்டுமே ஒரு டன் எடை. அதைக் கூரையின் நடுவில் வையாது, கீழே சுவர் அல்லது தூண் உள்ள இடத்துக்கு நேர் மேலே வைத்தல் வேண்டும்.

ஆகவே, தணிக்கையின் முதற்கேள்வி விரிசலைப் பற்றியது அன்று. இக்கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது, இன்று எதற்குப் பயன்படுகிறது என்பதே முதற்கேள்வி. பயன் மாறிய ஒவ்வொரு முறையும் தணிக்கை புதிதாகத் தொடங்க வேண்டும்.

சுவரும் கூரையும்

இனி வீட்டைச் சுற்றி நடப்போம். சுவரில் விரிசல் காணப்பட்டால் அது எத்திசையில் ஓடுகிறது என்று பார்க்கவேண்டும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிக்கட்டுப் போல் இறங்கும் விரிசல், பெரும்பாலும் அடித்தளம் ஒருபுறம் அமிழ்வதைக் குறிக்கும். கூரைக்குச் சற்றுக் கீழே கிடைமட்டமாக ஓடுவது, வெயிலில் கூரை விரிந்து சுருங்குவதால் வருவது. மழைநீர் புகாமல் அடைத்துவிட்டால் அதனால் பெருங்கேடில்லை. பூச்சில் வலைபோல் மெல்லியதாகத் தோன்றுவன பூச்சோடு நின்றுவிடுபவை. விருதுநகர் மாவட்டத்தில் கரிசல் நிலம் மிகுதி. கரிசல் மழையில் உப்பும். கோடையில் சுருங்கிப் பிளக்கும். அத்தகைய மண்ணில் ஆழமற்ற அடித்தளம் போட்ட வீடு ஆண்டுதோறும் அசைக்கப்படுகிறது. அடிப்புறம் குமிழ்போல் விரிந்த கான்கிரீட் தூண்களை மண்ணில் இறக்கி அதன்மேல் கட்டுவது இதற்குத் தக்க முறை. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இதை வளர்த்தெடுத்தது. புதிதாகக் கட்டுவோர் பொறியாளரிடம் இதுபற்றிக் கேட்க வேண்டும்.

விரிசல் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று அறிய எளிய வழி உண்டு. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய சிமெண்ட் பட்டை ஒன்று பூசி, அதன்மேல் தேதியை எழுதி வைக்க வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்த பின்னும் பட்டை வெடிக்கவில்லையெனில் விரிசல் உறங்குகிறது. வெடித்திருந்தால் பொறியாளரை அழைக்க வேண்டும். பட்டை வெடித்தும் அதன்மேல் வண்ணம் பூசி மறைப்பவர், நோயாளிக்குப் புதுச்சட்டை போட்டு அழகு பார்ப்பவர்.

கூரையின் அடிப்புறத்தைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். கெட்டியாக ஒலித்தால் நலம்; வெற்றொலி எழுந்தால் உள்ளே கம்பி துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைப் பிரித்துத் தள்ளுகிறது. சன்ஷேடும் பால்கனியும் தனிக் கவனத்துக்கு உரியவை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் பலகைக்குக் கம்பி மேற்புறமாக இருக்கவேண்டும். கான்கிரீட் இடும்போது ஆட்கள் அக்கம்பியின் மேல் மிதித்து நடப்பதால் அது அடியில் தாழ்ந்துவிடுகிறது. பார்வைக்கு ஒரு குறையும் தோன்றாது. பின்னொரு நாள் வெள்ளையடிக்க ஒருவர் அதன்மேல் ஏறி நிற்கும்போதுதான் அது தெரியவரும். கட்டும் நாளில் உரிமையாளர் அருகிருந்து காணவேண்டிய காட்சி இதுவே. கான்கிரீட் நாளில் விருந்துக்கு இலை போடுவதில் காட்டும் அக்கறையில் பாதியை இதற்குக் காட்டினால் போதும். கம்பிக்கும் பலகைக்கும் இடையே கவர் பிளாக் வைத்தல், இன்று பெரும்பாலும் கிடைக்கும் கலப்பு வகைச் சிமெண்டாயின் பத்து நாட்களுக்குக் குறையாமல் நீர் தேக்கி நனைத்தல் ஆகியவையும் அவ்வாறே. இவற்றுக்கு ஆகும் செலவு அற்பம்.

சுற்றுச்சுவரைப் பலர் கட்டடமாகவே எண்ணுவதில்லை. ஒருபுறம் மண் உயர்ந்து, மறுபுறம் தாழ்ந்திருக்குமாயின் அச்சுவர் எல்லைக் கோடு மட்டும் அன்று. அது ஓர் அணை. அணைக்கு மதகு வேண்டுமென்றால், சுவருக்கு நீர் வடியும் துளைகள் வேண்டும். துளையில்லாச் சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கினால், மண்ணின் பாரத்தோடு நீரின் பாரமும் சேர்ந்து தள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் இத்துளைகளைக் குத்திவிட்டுப் பார்ப்பது அரைமணி வேலை. சுவர் செங்குத்திலிருந்து சாய்ந்துள்ளதா என்பதைக் கொத்தனாரின் தூக்குக் குண்டு ஒன்றே காட்டிவிடும்.

மின்சாரம்

கட்டடத் தணிக்கையில் மிகுதியாகப் பிழை நேரும் இடம் இது. ஆதலின் இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

நம் வீட்டுச் சுவரில் வரிசையாக எம்.சி.பி. பொருத்தப்பட்டிருப்பதைக் கண்டு, இனி மின்னதிர்ச்சி என்ற அச்சமே இல்லை என்று பலர் மகிழ்கின்றனர். இது தவறு. எம்.சி.பி. காப்பது கம்பியை, மனிதனை அன்று. 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவைத் தாண்டிப் பளு ஏறினாலோ, மின்குறுக்கு நேர்ந்தாலோதான் விழும். 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லி ஆம்பியர். மனித உயிரைப் பறிக்க அதில் மிகச் சிறு பங்கே போதும். உயிர்க்காப்புக்கு வரம்பாகக் கொள்ளப்படும் 30 மில்லி ஆம்பியரைப் போல் இது ஐந்நூறு மடங்குக்கும் மேல். ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்டவர் துடித்துக்கொண்டிருக்கையில் எம்.சி.பி. சலனமின்றி நின்றுகொண்டிருக்கும். அதன் கணக்கில் அங்கே ஒரு தவறும் நடக்கவில்லை.

மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவுத் தடுப்புச் சாதனம். அதன் இயக்கம் வரவுசெலவுக் கணக்கைப் போன்றது. ஒரு கம்பி வழியே வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டம் அவ்வளவும் மற்றொரு கம்பி வழியே திரும்பி வரவேண்டும். ஒருவர் உடல் வழியாகவோ, நனைந்த சுவர் வழியாகவோ கொஞ்சம் நிலத்தில் கசிந்தால், வரவு குறையும். அக்குறை 30 மில்லி ஆம்பியரை எட்டினால், இமைப்பொழுதில் சாதனம் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இரு கம்பிகளையும் ஒருவர் ஒருசேரப் பற்றினால் மட்டும் வரவும் செலவும் சமமாகவே இருக்குமாதலால், அது காக்க இயலாது. இந்த வரம்பையும் அறிந்து வைத்தல் நலம். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, 2 கிலோவாட்டும் அதற்கு மேலும் பளுவுள்ள இணைப்புகளில் இத்தகைய கசிவுத் தடுப்பு இருக்க வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட வன்னியம்பட்டி வீட்டைப் போன்றவை ஒரு மோட்டாரும் ஒரு சலவை இயந்திரமும் சேர்ந்தாலே அவ்வரம்பை எட்டிவிடுவன.

எர்த் கம்பியும் அத்துணை முக்கியம். பச்சை நிறக் கம்பி ஒவ்வொரு மூன்றுமுனைப் பிளக்கிலும் உண்மையாகவே இணைக்கப்பட்டுள்ளதா, அன்றிச் சுவரோடு முடிந்துவிடுகிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். எர்த் குழியிலுள்ள மண் கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் இருந்தும் இல்லாததே. அக்குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கத்தைச் சிலர் மூடநம்பிக்கை என்று எண்ணி விட்டுவிட்டனர். அது நல்ல அறிவியல்.

தறிக் கொட்டகைக்கு வருவோம். ராஜபாளையத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936 இல் முதல் நூற்பாலையைத் தோற்றுவித்த நாளிலிருந்து இவ்வட்டாரம் பஞ்சோடு வாழ்ந்து வருகிறது. பஞ்சுத் தூசு எவ்வளவு எளிதில் தீப்பற்றும் என்பது ஆலைத் தொழிலாளர் அனைவருக்கும் தெரியும். ஆலைகளுக்கு ஆய்வாளர் உண்டு. முறையான தீயணைப்பு ஏற்பாடு உண்டு. கொல்லைப்புறத்தில் இரண்டு தறி போட்டவருக்கு அவை இல்லை. மோட்டாரின் மேலும் சுவிட்சுப் பெட்டியின் உள்ளும் படியும் தூசை வாரந்தோறும், மின்சாரத்தை நிறுத்திய பின், துடைத்தல் வேண்டும். மூடியில்லாத சுவிட்சு அங்கே ஒரு நாளும் இருத்தல் ஆகாது. வீட்டு இணைப்பிலிருந்து கம்பி இழுத்துத் தறியோ கடையோ நடத்துவது வேறொரு வகையிலும் தீங்கு. மின்சாரச் சட்டம், 2003 இன் 126 ஆம் பிரிவின்படி, அனுமதித்த பயனுக்கு மாறாக எடுத்த மின்சாரத்திற்கு உரிய கட்டணத்தைப் போல் இருமடங்கு மதிப்பிட்டு வசூலிக்க இயலும். விசைத்தறிக்கெனத் தனிக் கட்டணமும் சலுகையும் இருக்கையில், கள்ளத்தனம் ஆதாயமும் ஆவதில்லை.

தீயும் வழியும்

சமையலறையில் எரிவாயு உருளையைத் திருப்பிப் பாருங்கள். அதன் கழுத்துத் தகட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ, பி, சி, டி என்னும் நான்கெழுத்தும் ஆண்டின் நான்கு காலாண்டுகளைக் குறிப்பன. பி என்பதோடு 27 என்றிருந்தால், 2027 ஏப்ரல் முதல் ஜூன் வரையுள்ள காலாண்டில் அவ்வுருளை மறுசோதனைக்குச் செல்லவேண்டும் என்பது பொருள். தவணை கடந்த உருளையை வாங்காது திருப்பி அனுப்ப நமக்கு உரிமையுண்டு. ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆதலின் சமையலறைக்கு உயரே சன்னல் இருப்பது மட்டும் போதாது. தாழ்வான இடத்திலும் காற்றுப் போக வழி வேண்டும்.

மாடிப் பந்தலைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றே உண்டு: அதை எடுத்துவிட வேண்டும். அங்கு வகுப்பு நடத்தியே ஆகவேண்டுமாயின், தீப்பற்றாத கூரை, வலுவைப் பொறியாளர் கணக்கிட்டுச் சொன்ன தளம், தடையற்ற படிக்கட்டு ஆகிய மூன்றும் அமைந்த பின்னரே நடத்தலாம். தேசியக் கட்டட நெறிமுறை பள்ளிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு 1.5 மீட்டர் அகலம் கேட்கிறது. நம் வீட்டு மாடிப்படியோ பெரும்பாலும் அதில் பாதி. அப்பாதியிலும் செருப்புக் குவியல், பழைய சைக்கிள், மூட்டைகள். முப்பது பிள்ளைகள் ஒரே வேளையில் அலறிக்கொண்டு இறங்கும் காட்சியை மனக்கண்ணால் கண்டபின் அப்படிக்கட்டை ஒருமுறை பார்க்கட்டும். தனிப்பயிற்சி வகுப்புக்கு உரிமம் தேவையா என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர் அல்லது ராஜபாளையம் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிவது உரிமையாளரின் கடமை. அவ்விரு ஊர்களிலும் உள்ள தீயணைப்பு நிலையத்தாரும் கேட்போர்க்கு ஆலோசனை கூறுவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கட்டட உறுதிச் சான்றைச் சிலர் கடையில் சரக்கு வாங்குவதுபோல் வாங்குகின்றனர். கட்டடத்தை நேரில் வந்து பாராமல் எழுதித் தரும் சான்று, அலுவலகக் கோப்புக்குப் போதுமானதாகலாம். கூரைக்கு அது தெரியாது. பொறியாளர் வந்தாரா, எங்கெங்கே தட்டிப் பார்த்தார், என்ன குறை சொன்னார் என்பதை உரிமையாளர் தம் கையால் ஒரு குறிப்பேட்டில் எழுதி அவரிடம் ஒப்பம் பெற்றுக்கொள்வது நன்று. குறையொன்றும் சொல்லாத சான்றைக் கண்டு மகிழ்வதைவிடச் சற்று ஐயுறுவதே மேல்.

வெப்பமும் மின்செலவும்

தணிக்கையின் மற்றொரு பாதி எரிசக்தி பற்றியது. இது உயிரோடு தொடர்பற்றது என்று எண்ணவேண்டா. சித்திரை, வைகாசியில் கான்கிரீட் கூரையின்கீழ் படுத்துறங்கும் முதியோரும் கைக்குழந்தையும் படும் பாட்டை அறிந்தோர் அவ்வாறு கூறார். பகலெல்லாம் வெயிலை விழுங்கிய கூரை, இரவெல்லாம் அதைக் கீழே உமிழ்கிறது. மின்விசிறி அவ்வெப்பக் காற்றையே சுழற்றுகிறது.

மைய அரசின் எரிசக்தித் திறன் வாரியம் 2018 டிசம்பரில் குடியிருப்புகளுக்கென ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற நெறிமுறையை வெளியிட்டது. அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளைக் கருதி எழுதப்பட்டது. ஆகவே வன்னியம்பட்டியின் சிறு வீட்டை அது நேரே கட்டுப்படுத்தாது. ஆயினும் அதிலுள்ள ஓர் அளவு நமக்கு நல்ல பாடம். வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில், திறக்கக்கூடிய சன்னல், கதவுகளின் பரப்பு, தரைப்பரப்பில் ஆறிலொரு பங்குக்குக் குறையக்கூடாது என்கிறது அந்நெறிமுறை. இக்கணக்கை நம் அறைக்குப் பொருத்திப் பார்த்தால், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு 20 சதுர அடித் திறப்பு வேண்டும். அதாவது நான்கடிக்கு ஐந்தடிச் சன்னல். அதுவும் முற்றும் திறக்கக்கூடியதாக இருக்கவேண்டும். இன்று பரவிவரும் நகரும் கண்ணாடிச் சன்னலில் பாதிதான் திறக்கும். கண்ணாடியைப் பார்த்துச் சன்னல் பெரிது என்று எண்ணிவிடல் ஆகாது.

கூரைக்கு மலிவான மருந்து வெண்மை. சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பும் வெண்பூச்சோ மொட்டைமாடியில் கோடைக்கு முன் பூசினால், கதிரொளியின் பெரும்பகுதி திரும்பிச் சென்றுவிடும். தெலங்கானா மாநிலம் 2023 இல் இதனையே ஒரு கொள்கையாக வகுத்தது. மேற்குச் சுவருக்கு ஒரு வேப்பமரத்தின் நிழல் கிட்டுமாயின் அதற்கு ஈடில்லை. வேர் அடித்தளத்தை எட்டாத தூரத்தில் நடுக.

மின்செலவைக் கணக்கிடுதல் எளிது. பழைய மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் எடுக்கும். நாளைக்குப் பன்னிரண்டு மணிநேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கீட்டுக் காலமான அறுபது நாளில் 54 யூனிட். மூன்று விசிறிக்கு 162 யூனிட். புதுவகை பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். மூன்றுக்கும் சேர்த்து 65 யூனிட்டுக்குள் முடியும். 2016 மே மாதம் முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. விசிறிகளை மாற்றியதால் மட்டும் மிச்சப்படுவது ஏறத்தாழ அந்த 100 யூனிட்டுக்கு இணை என்பதை நோக்குக. ஒரு குதிரைத்திறன் மோட்டார் நாள்தோறும் ஒரு மணிநேரம் ஓடினால் அறுபது நாளில் சுமார் 60 யூனிட். தொட்டி நிரம்பிக் கூரையில் வழிந்தோடும் ஒவ்வொரு பத்து நிமிடமும் பணத்தை மட்டுமன்றிக் கூரையின் ஆயுளையும் கரைக்கிறது.

நம் மாநிலத்தின் கிராமங்களில் வீட்டையும் எரிசக்தியையும் சேர்த்துப் பார்த்த முன்மாதிரியும் உண்டு. 2011 இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகளும் வழங்கப்பட்டன. குடிசைகளுக்கு மாற்றாக 2024 இல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் அளிக்கப்படுகிறது. இத்தகைய வீடுகளில் ஊராட்சி ஒன்றிய ஓவர்சியர் கட்டுமான நிலைதோறும் வந்து அளந்து, பணம் வழங்கப் பரிந்துரைப்பார். அவர் வரும் நாளைப் பயனாளி வெறும் பணநாளாகக் கொள்ளாது, மேலே கூறிய கேள்விகளைக் கேட்கும் நாளாகக் கொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கும் பொறியியல் அறிவு அது.

குறிப்பேடு

இவ்வளவையும் நினைவில் வைத்திருத்தல் கடினம். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கட்டடத்துக்கென ஒதுக்குங்கள். வரைபடத்தின் நகல், அனுமதி எண், மின் இணைப்பின் பளு, விரிசல் பட்டையின் தேதி, எரிவாயுக் குழாய் மாற்றிய தேதி, உரிமம் முடியும் தேதி ஆகியவை முதற்பக்கங்களில் இருக்கட்டும். வாடகைக்கு விட்ட பகுதி உரிமையாளரின் கண்ணுக்கு எட்டாமற் போவது இயல்பு. கடைக்காரர் புதிதாகக் குளிர்பதனப் பெட்டி வைத்தாரா, தறிக்காரர் மூன்றாவது தறி போட்டாரா என்பதையும் கேட்டு எழுதுக. வாடகை வாங்கப் போகும்போது அவர்தம் கூரையையும் நிமிர்ந்து பார்க்கலாம். அக்கூரையின்கீழ் உறங்குபவர் அதைச் செப்பனிடும் உரிமை இல்லாதவர்.

இக்குறிப்பேட்டை எப்போது புரட்டுவது என்பதற்கும் நாள் குறித்துவிடலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கணக்கீட்டாளர் வருகிறார். அவர் சென்றதும், சென்ற முறையைவிட எத்தனை யூனிட் கூடியது, ஏன் கூடியது என்று எழுதுங்கள். அப்படியே கசிவுத் தடுப்புச் சாதனத்தில் ‘டெஸ்ட்’ என்று குறித்த பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். உடனே வீடு முழுவதும் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிடில், அன்று மாலைக்குள் மின்பணியாளரை அழைத்து அதை மாற்றுங்கள்.